விடியலை அறிவித்த பார்வையற்றவர்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், அருமைத் தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ரமளானில் ஸஹர் நேரத்தின் கடைசி நிமிடங்கள் எப்படி இருக்கும் என்பது நம் இல்லங்களில் எல்லாருக்கும் தெரியும். கண் கடிகாரத்தில் இருக்கும்; காது பள்ளிவாசலில் இருக்கும். தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி, "பாங்கு சொல்லிவிட்டார்களா?" என்று உம்மா கேட்பார்கள். அந்த ஒரு குரலை நம்பித்தான் ஊரே நோன்பைத் தொடங்குகிறது.

கடிகாரம் இல்லாத மதீனாவில் அந்தக் குரல் யாருடையது? நாயகம் (ஸல்) அவர்களுக்கு அங்கே இரண்டு முஅத்தின்கள் இருந்தார்கள். ஒருவர் பிலால் (ரலி). அவர்கள் இரவிலேயே பாங்கு சொல்லி உறங்குவோரை எழுப்புவார்கள். அதைக் கேட்டு உண்பதை நிறுத்த வேண்டாம், இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணலாம், பருகலாம் என்று அண்ணலார் அறிவித்திருந்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற நபிமொழி. அந்த இரண்டாமவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்குக் கண்பார்வை கிடையாது!

சிந்தித்துப் பாருங்கள். விடியலின் வெண்கீற்று அடிவானில் தெரிந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டிய பணி அது. அந்தப் பணியைப் பார்வையற்ற ஒருவரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்படைத்தார்கள். அது எப்படி நடந்தது என்பதையும் அதே ஹதீஸ் சொல்லிவிடுகிறது. விடிந்துவிட்டது என்று மக்கள் அவரிடம் சொல்வார்கள். சொன்னதும் அவர் எழுந்து பாங்கு சொல்வார்.

இந்தக் கட்டுரை சொல்ல வந்த பாடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. பார்வை உள்ளவர்கள் செய்த உதவி ஒரே ஒரு சொல். மீதிப் பணி முழுவதும் அவருடையது. அவருக்கு இயலாத அந்தச் சிறு பகுதிக்குச் சமூகம் கைகொடுத்தது. அதைக் காரணம் காட்டிப் பதவியை மறுக்கவில்லை. நாமோ இன்று இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மாற்றுத்திறனாளிகள் என்று மரியாதையாக அழைக்கக் கற்றுக்கொண்டோம். ஸதகா கொடுக்கவும் தயங்குவதில்லை. ஆனால் பொறுப்பு மட்டும் கொடுக்க மாட்டோம்.

இரக்கம் வேறு, மதிப்பு வேறு

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கு உறவினர். மக்காவின் ஆரம்ப கால முஸ்லிம்களில் ஒருவர். ஒருநாள் குறைஷித் தலைவர்கள் சிலரிடம் அண்ணலார் தீனைப் பற்றி எடுத்துரைத்துக்கொண்டிருந்த வேளையில், இவர் வந்து தமக்குக் கற்றுத்தருமாறு கேட்டார். அந்தத் தலைவர்கள் இஸ்லாத்தை ஏற்றால் மற்றவர்களும் ஏற்பார்கள் என்ற ஆவலில் இருந்த அண்ணலாரின் முகம் சற்றே சுருங்கியது. அப்போது இறங்கியதுதான் திருக்குர்ஆனின் 80-ஆவது அத்தியாயமான ஸூரத்து அபஸவின் தொடக்க வசனங்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முகம் சுருங்கியதை அந்தத் தோழர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அவர் மனம் புண்பட்டதாக முறையிடவுமில்லை. ஆயினும் அல்லாஹு தஆலா அதை விட்டுவிடவில்லை. செல்வாக்குள்ளவரைக் காட்டிலும், கற்க ஆவலோடு ஓடிவந்த இவரே கவனத்துக்கு உரியவர் என்று கியாமத் நாள்வரை ஓதப்படும் வேதத்தில் பதிவு செய்துவிட்டான். நபிமார்கள் பாவத்திலிருந்து பாதுகாக்கப்பட்டவர்கள். அண்ணலாரின் நோக்கமும் தீனின் நன்மைதான். அப்படியிருந்தும் இந்த அளவு எச்சரிக்கை என்றால், பார்வையற்றவருக்குத் தெரியாது என்று எண்ணி முகத்தைச் சுளிப்பவர்களும், காது கேளாதவருக்குக் கேட்காது என்று எண்ணி எதிரிலேயே ஏளனம் பேசுபவர்களும் தங்கள் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் அண்ணலார் அவரிடம் அன்பாகப் பேசியதோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரத்துக்கு முன்பே முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களோடு மதீனா வந்து மக்களுக்குக் குர்ஆனைக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்று பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கிறார்கள். பின்னர் அண்ணலார் பயணம் புறப்பட்ட வேளைகளில், மதீனாவில் மக்களுக்கு இமாமாக நின்று தொழவைக்கும் பிரதிநிதியாக இவரை நியமித்துச் சென்றார்கள். இரண்டு முறை என்று அபூதாவூதின் அறிவிப்பு ஒன்று கூறுகிறது. பதிமூன்று முறை என்று கூறும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆசிரியர், முஅத்தின், இமாம், பிரதிநிதி: நாயகம் (ஸல்) அவர்களின் மதிப்பு இப்படிப் பணிகளாக வெளிப்பட்டது.

அவருடைய குறையைக் கேட்டு அல்லாஹ் ஒரு சொல்லையே இறக்கிய வரலாறும் உண்டு. அறப்போருக்குச் செல்வோரும் வீட்டில் தங்குவோரும் சமமாக மாட்டார்கள் என்ற வசனத்தை (4:95) ஸைத் இப்னு ஸாபித் (ரலி) எழுதிக்கொண்டிருந்தபோது இவர் வந்து, "யா ரஸூலல்லாஹ்! இயன்றிருந்தால் நானும் சென்றிருப்பேனே" என்ற கருத்தில் முறையிட்டார். உடனே வஹீ இறங்கியது. இயலாமை உடையோர் இதில் சேரமாட்டார்கள் என்ற விதிவிலக்கு அதே வசனத்தில் சேர்க்கப்பட்டது. அந்த நேரத்தில் அண்ணலாரின் தொடை தம் தொடைமீது இருந்ததாகவும், எலும்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு வஹீயின் பாரம் தம்மை அழுத்தியதாகவும் ஸைத் (ரலி) நினைவுகூர்கிறார்கள். இவ்வளவு சலுகை கிடைத்த பிறகும் அந்தத் தோழர் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த காதிஸிய்யாப் போரில் கவசம் அணிந்து, கொடியைக் கையில் ஏந்தி நின்றார்.

சலுகை அவருடைய உரிமை. அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பம். இந்த இரண்டையும் நாம் பிரித்து அறிய வேண்டும்.

அவரிடம் கேட்டீர்களா?

அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்களுக்குக் காலில் ஊனம் இருந்தது. உஹுதுப் போருக்கு (ஹிஜ்ரி 3) அவர் புறப்பட்டபோது, வாப்பாவின் மீதிருந்த பாசத்தால் பிள்ளைகள் தடுத்தார்கள். வழக்கு அண்ணலாரிடம் வந்தது. உங்கள் மீது இது கடமையில்லை என்று அவரிடம் விளக்கிய அண்ணலார், அவரைத் தடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் கூறினார்கள். அவர் அன்றே ஷஹீதானார். அந்தக் கால் குணமடைந்து சுவனத்தில் நடப்பதை அண்ணலார் சுபச்செய்தியாகக் கூறினார்கள்.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி துஆ கேட்டு வந்தார். பொறுமையோடு இருந்தால் சுவனம் உண்டு. விரும்பினால் குணமாகத் துஆச் செய்கிறேன் என்று இரண்டு வழிகளையும் அவர் முன் வைத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, வலிப்பு வரும்போது தம் உடல் வெளிப்படாமல் இருக்க மட்டும் துஆ கேட்டார். முடிவெடுத்தவர் அந்தப் பெண்மணிதான். (நோய்க்கு மருத்துவம் செய்வதும் ஸுன்னத்தே, மருந்தை நிறுத்த இதை ஆதாரமாக்கக் கூடாது.)

அறிவில் சிறிது குறைபாடு இருந்த இன்னொரு பெண், தமக்கு அண்ணலாரிடம் ஒரு தேவை இருப்பதாகக் கூறினார். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாய் என்பதை நீயே சொல் என்று அண்ணலார் கேட்டு, அவருடன் சென்று, அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டார்கள். இதை ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். ஒரு நாட்டின் தலைவர், எல்லாரும் ஒதுக்கிவிடக்கூடிய ஒரு பெண்ணுக்காகத் தெருவில் நிற்கிறார்!

மூன்று நிகழ்ச்சிகளிலும் அண்ணலார் அவர்களிடமே பேசினார்கள், அவர்களிடமே கேட்டார்கள். நாமோ சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, அதைத் தள்ளி வருபவரிடம், "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறோம்.

உம்மத்துக்குக் கிடைத்த பயன்

இவ்விதம் வழிவிட்டதால் உம்மத் அடைந்த பயன் கொஞ்சமல்ல. பஸராவில் வாழ்ந்த கதாதா (ரஹ்) பிறவியிலேயே பார்வையற்றவர். தாபியீன்களில் தலைசிறந்த குர்ஆன் விரிவுரையாளர்களில் ஒருவர். அவர் பெயர் இல்லாத தஃப்ஸீர் நூலைக் காண்பது அரிது. மக்காவின் முஃப்தியாக விளங்கிய அதாஃ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) கறுத்த நிறத்தவர்; ஒரு கண் பழுது, ஒரு கை செயலிழந்தது, காலும் ஊனம்; பிற்காலத்தில் பார்வையும் முழுவதும் போயிற்று. அப்படிப்பட்டவரைத் தேடி கலீஃபா ஸுலைமான் இப்னு அப்தில் மலிக் தம் மக்களோடு வந்து, ஹஜ்ஜின் சட்டங்களைக் கேட்டு அறிந்ததாக வரலாறு கூறுகிறது.

கிராஅத் கலை பயில்வோர் இன்றும் மனனம் செய்யும் 1173 அடிகள் கொண்ட ஷாதிபிய்யாவை இயற்றிய இமாம் ஷாதிபி (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 590) பார்வையற்றவர். அந்தலுஸில் பிறந்து கெய்ரோவில் போதித்தவர். ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் ஆமிதீ என்ற பார்வையற்ற அறிஞர் புத்தக வியாபாரமும் செய்தார். நூலின் விலையை அறிய, காகிதத்தை முறுக்கி எழுத்து வடிவில் அட்டையின் உட்புறம் ஒட்டி, அதை விரலால் தடவிப் படித்தார். பிரான்சு நாட்டு லூயி பிரெயில் (1809–1852) புள்ளி எழுத்தை அமைத்தது இதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர்! ஆமிதீயின் செய்தியைப் பதிவு செய்த ஸஃபதீ (ரஹ்), பார்வையற்ற பெருமக்களின் வரலாற்றுக்கென்றே தனி நூல் எழுதியவர். தனி நூல் எழுதும் அளவுக்கு அவர்கள் இருந்தார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அரசும் தன் பங்கைச் செய்தது. கலீஃபா வலீத் இப்னு அப்தில் மலிக் (ஆட்சி ஹிஜ்ரி 86–96) பார்வையற்றோருக்கு வழிகாட்டிகளையும், நடக்க இயலாதோருக்குப் பணியாட்களையும் ஏற்படுத்தினார். அவர்கள் பிறரிடம் கையேந்தாமல் இருக்க உதவித்தொகையும் வழங்கினார்.

ஃபிக்ஹ் என்ன சொல்கிறது?

இல்லங்களிலும் ஜமாஅத்துகளிலும் அடிக்கடி எழும் சில மஸ்அலாக்களை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

இமாமத்: பார்வையற்றவர் தொழவைக்கலாம். பார்வை உள்ளவரும் இல்லாதவரும் இதில் சமம் என்பது ஷாஃபியீ மத்ஹபின் முடிவு. பார்வை உள்ளவர் நஜீஸைக் கண்டு விலகுவார். பார்வையற்றவரோ கவனம் சிதறாமல் தொழுவார் என்று இரு பக்கச் சிறப்பையும் அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். நஜீஸைக் காண இயலாது என்பதால் மக்ரூஹ் தன்ஸீஹ் என்று கூறும் ஹனஃபீ அறிஞர்களும், கூட்டத்தில் அவரே அதிக இல்முடையவர் என்றால் மக்ரூஹ் இல்லை என்கிறார்கள்.

சைகை: பேச இயலாதவரின் புரியக்கூடிய சைகை, பேச்சின் இடத்தில் வைக்கப்படும். கொடுக்கல் வாங்கலும் நிகாஹும் அதனால் நிறைவேறும். உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சட்ட நூலிலும் இது ஒரு பொதுவிதியாக உள்ளது. ஆகவே வாய் பேசாத மணமகனின் சம்மதத்தை அவரிடமே பெற வேண்டும். வாய் பேசாத மணமகளிடமும் சைகையாலோ எழுத்தாலோ கேட்டு, அவர் உள்ளத்தை அறிந்தபின் நிகாஹ் பேச வேண்டும்.

தொழுகை: நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் கற்றுத்தந்தார்கள். இயலாமைக்கு ஏற்ப முறை தளரும், நன்மை குறைவதில்லை.

சக்கர நாற்காலி: பள்ளிக்குள் வரலாமா என்று கேட்கிறார்கள். நஜீஸ் பட்டது உறுதியாகத் தெரியாதவரை எப்பொருளும் சுத்தமானதே என்பது அடிப்படை. பாய் அழுக்காகாமல் இருக்க, ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்துவிடலாம். நஜீஸ் பட்டது உறுதியானால் கழுவிவிட்டு வரவேண்டும். துணியும் தண்ணீரும் வாசலில் வைப்பது ஜமாஅத்தின் பொறுப்பு.

வாரிசுப் பங்கு: இதில்தான் நம் இல்லங்களில் பெரிய அநீதி நடக்கிறது. "அவனுக்கு எதற்குச் சொத்து? நாங்கள்தானே சோறு போடுகிறோம்" என்று கூறி, காது கேளாத தம்பியின் பங்கையும், நடக்க இயலாத ராத்தாவின் பங்கையும் மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். கொலை, மார்க்க வேறுபாடு என்று வாரிசுரிமையைத் தடுக்கும் காரணங்களை ஃபராயிள் நூல்கள் எண்ணிச் சொல்கின்றன. குருடும் செவிடும் முடமும் மனவளர்ச்சிக் குறைவும் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. மகனுக்கு மகன் பங்கு. மகளுக்கு மகள் பங்கு. ஓர் அணுவும் குறையாது. சொத்தை நிர்வகிக்கும் அறிவு இல்லாதவராக இருந்தாலும் உரிமை அவருடையதே. வலி அதைக் காத்து, அவருக்காகவே செலவிட வேண்டும். பராமரிக்கிறோம் என்ற பெயரில் பங்கை எழுதி வாங்குவது, ஆதரவற்றவரின் பொருளை உண்பதாகும். அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்போர் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று குர்ஆன் (4:10) எச்சரிப்பதை அத்தகையோர் நினைத்துப் பார்க்கட்டும்.

தமக்குப் பின் அந்தப் பிள்ளையின் கதி என்னவாகும் என்று கலங்கும் பெற்றோர்கள் உண்டு. பார்வையின்மை, தீராத நோய் போன்ற தேவையை முன்னிட்டு, வாழும் காலத்திலேயே அப்பிள்ளைக்குக் கூடுதலாக ஹிபா கொடுப்பதில் குற்றமில்லை என்று இப்னு குதாமா (ரஹ்) போன்ற அறிஞர்கள் கூறியுள்ளனர். வாரிசுக்கு வஸிய்யத் எழுதுவது மற்ற வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது. ஆகையால் உங்கள் ஊர் ஆலிமிடம் கலந்து, முறைப்படி ஹிபா செய்துவிடுங்கள்.

நம் வீடு, நம் பள்ளி

முதலில் நம் நாவைத் திருத்துவோம். ஊர்ப்பக்கம் ஒருவருக்குக் குறை இருந்தால் அதுவே பட்டப்பெயராகிவிடுகிறது. பெயரை ஊரே மறந்துவிடுகிறது. பட்டப்பெயர் சூட்டிப் பழிப்பதை ஸூரத்துல் ஹுஜுராத் (49:11) தடுக்கிறது. "ஹதீஸ் அறிவிப்பாளர்களில் அஃமஷ் என்றும் அஃரஜ் என்றும் இருக்கிறார்களே?" என்று சிலர் வாதிடலாம். அடையாளம் காண வேறு வழியின்றி, இழிவு கருதாமல் சொல்வதை மட்டுமே அறிஞர்கள் அனுமதித்தார்கள். நம் தெருவில் நடப்பது அதுவன்று.

அடுத்து, நம் விருந்து. பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், நோயாளிகள் ஆகியோரோடு சேர்ந்து உண்ணும் வழக்கம் மதீனாவில் முன்பு இருக்கவில்லை. அவர்களே கூசி ஒதுங்கியதும் உண்டு. சேர்ந்து உண்பதில் குற்றமில்லை என்று ஸூரத்துந் நூர் (24:61) அந்தத் திரையை நீக்கியது. நம் வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பிள்ளை மட்டும் உள்ளறையில் இருந்தால், அந்தத் திரையை நாம் மீண்டும் தொங்கவிட்டவர்கள் ஆவோம்.

பிறகு, கல்வி. காது கேளாத பிள்ளைக்கு ஓதவராது என்று முடிவு கட்டி மக்தபுக்கு அனுப்பாமல் விடுகிறோம். ஒளூவும் தொழுகையும் பார்த்துக் கற்கக்கூடியவை. சைகை மொழியில் தீனைச் சொல்லலாம். பார்வையற்ற பிள்ளை காதால் கேட்டே ஹாஃபிளாகலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. அரசு வேலைகளில் 4 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடமும் ஒதுக்கியுள்ளது. பிள்ளையை வெளியே காட்ட வெட்கப்பட்டுச் சான்றிதழ் வாங்காமல் இருக்கும் குடும்பம், அந்தப் பிள்ளையின் உரிமையைத் தானே பறிக்கிறது.

கடைசியாக, ஜமாஅத். தனக்குக் கைபிடித்து அழைத்துவர ஆளில்லை என்று கூறி, வீட்டில் தொழ அனுமதி கேட்ட பார்வையற்ற தோழரிடம், பாங்கு கேட்கிறதா என்று அண்ணலார் வினவினார்கள். ஆம் என்றதும், அப்படியானால் பதில் கொடுங்கள் என்றார்கள். மழை வெள்ளம் குறுக்கிட்ட இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கோ, அவர்கள் வீட்டுக்கே சென்று தொழுதுகாட்டி, அந்த இடத்தைத் தொழுமிடமாக்கித் தந்தார்கள். இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு: பார்வையற்றவரும் ஜமாஅத்தின் ஓர் அங்கமே, அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை. நம் பள்ளிகளில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை இருக்கிறதா? ஒளூச் செய்ய உயரமான இருக்கை இருக்கிறதா? ஜும்ஆ பயானைச் சைகையில் எடுத்துச் சொல்ல ஒருவரேனும் இருக்கிறாரா? பளிங்குத் தரைக்கும் மினாராவுக்கும் செலவிடுமுன் இவற்றைக் கேட்டுக்கொள்வது முத்தவல்லிகளின் கடமை.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் ஒன்று மீதி இருக்கும். அவர்களிடம் பணியை ஒப்படைக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் ஓர் இடம், மக்தபில் ஒரு வகுப்பு, பைத்துல்மாலின் கணக்கு, பாங்கு சொல்லும் பொறுப்பு: யாருக்கு எது இயலும் என்று அவர்களையே கேட்டுக் கொடுக்க வேண்டும். மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, இப்னு மஸ்ஊதின் அந்தக் கால்கள் மீஸானில் உஹுது மலையைவிடக் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். மனிதனை நிறுக்கும் தராசு நம் கண்களில் இல்லை. அது அல்லாஹ்விடம் இருக்கிறது.

அன்பர்களே! மதீனாவின் மக்கள் இப்னு உம்மி மக்தூமிடம் விடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அவர் ஊருக்கே நோன்பின் நேரத்தை அறிவித்தார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆளிருந்தால், நம் வீடுகளில் அடைந்துகிடக்கும் எத்தனையோ குரல்கள் ஊருக்குப் பயன்படும்.

யா அல்லாஹ்! நீ படைத்த எவரையும் இழிவாக எண்ணாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் நேர்மையைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.